அந்த அக்காவுக்கும் பொலி

"ஆப்பிரிக்காவில தேயிலைய மலிவா விக்கிறாங்க. ஒங்களுக்கு எங்கேருந்து சம்பளம் கூட்டுறது?"

காலையில் எல்லாரும் கூடும் பெரட்டில் வேலை பிரிக்கும்போது, கொழுந்து பறிக்கும் நாங்கள் சம்பளப் பேச்சை எடுத்தாலே கணக்கப்பிள்ளை இதைத்தான் சொல்வார். கண்ணால் பார்த்திராத அந்த ஊர்க் கொழுந்துக்காரப் பெண்கள் மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல்.

போன மாதம் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், பதுளையிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் ஆப்பிரிக்கத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய ஆவணப்படம் காட்டினார். கூடை சுமந்த ஒருத்தி அதில் பேசினாள். ஆசிரியை அதைத் தமிழில் சொன்னார்: "நல்ல விலையெல்லாம் இலங்கைத் தேயிலைக்குப் போயிடுதாம். அதனால இவங்களுக்குச் சம்பளம் கூட்ட முடியாதுன்னு தொரை சொல்றாராம்."



"அப்ப அந்த நல்ல விலை எங்கடி போவுது?" என்றாள் பக்கத்து லயத்துச் செல்வி. சிரிப்பு அடங்க நேரமானது.

திரையில் அந்தப் பெண்கள் கர்த்தரைப் பாடிவிட்டு மலைக்குப் போனார்கள். படத்தில் பேசியவள் முதல் கைப்பிடிக் கொழுந்தைக் கூடையில் போட்டாள். விளைச்சல் பெருக வேண்டுமென்று நாங்கள் தினமும் குரல் கொடுக்கும் நேரம் அது. யாரும் சொல்லாமலே மண்டபம் முழுவதும் "பொலி, பொலி!" என்று எழுந்தது. என் குரல்தான் உரக்கக் கேட்டதாம்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை, "ஆப்பிரிக்காவில..." என்று ஆரம்பித்தார்.

"அங்க அந்த அக்காவுக்கும் சம்பளம் கூட்டலீங்களே ஐயா," என்றேன். வேலைக்குப் போகச் சொல்லி அவர் மலையைக் காட்டினார்.

எரிச்சல் இன்னும் இருக்கிறது, ஆனால் அவள் மேல் இல்லை. முதல் கைப்பிடியைப் போடும்போது இப்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்தே பொலி சொல்கிறேன்.