நத்தைக்கு வைத்த குங்குமம்

கடல் நத்தைக்குக் குங்குமம் வைத்த ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அதுவும் உயிருள்ள நத்தைக்கல்ல, தபால்தலையில் அச்சடித்த நத்தைக்கு. கட்டிய மனைவியிடம்கூட இதை நான் சொன்னதில்லை. போன வாரம் பேத்தி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய உறையில், ஏதோ விழாவுக்கென்று வெளியிட்ட தபால்தலை ஒட்டியிருந்தது. அதில் முறுக்கு முறுக்காக ஒரு கடல் நத்தை ஓடு. பார்த்ததும் என் மோதிர விரல் கூசியது.

அப்போது இரண்டாம் உலக யுத்தகாலம். எனக்கு இருபத்திரண்டு வயது. திருத்தணியில் வாத்தியார் வேலை கிடைத்திருந்த புதிது. வேலை கிடைத்தால் மலைப்படி அத்தனைக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டது அவள், குனிந்தது நான். மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படிகள். மஞ்சளைப் பூசு, குங்குமத்தை வை, கற்பூரம் ஏற்று, அடுத்த படிக்கு நகரு. நூறாவது படியில் பக்தியெல்லாம் இடுப்பு வலியாக மாறிவிட்டது. அதற்குமேல் கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

தரிசனம் முடிந்து இறங்கினால் அடிவாரத்தில் கரீம் பாயின் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை வந்தால்தான் எனக்கு மலை இறங்கியதாகவே தோன்றும்.

"வாத்யாரே, ஓடியா! தம்பி லெட்டர் போட்டுக்கிறான்!"

பாயின் தம்பி ஷரீப் கப்பலில் கரி அள்ளுபவன். எட்டு மாதமாகக் கடிதமில்லை. அவன் போன கப்பல் மாசியில் மூழ்கிவிட்டதாக யாரோ அரக்கோணம் ஜங்ஷனில் சொல்லப்போக, அவர்கள் அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டிருந்தார். வந்த கடிதத்தில் தேதியைத் தணிக்கைக்காரர்கள் வெட்டியிருந்தார்கள். மிச்சமிருந்தது தபால்தலை மேல் குத்திய முத்திரை மட்டும். மாசிக்கு முன்னால் போட்டதா, பின்னால் போட்டதா? அதைப் படித்துச் சொல்ல, இங்கிலீஷ் தெரிந்த ஆள் என்று பாய் என்னை நம்பினார்.

உறையை வாங்கினேன். ஏதோ தீவின் நினைவுத் தபால்தலை. நடுவில் பளபளவென்று ஓர் ஓடு. மலையிறங்கி வந்த கண்ணுக்கு அது சங்காகத் தெரிந்தது. அவ்வளவுதான், என் கைக்கு அது முந்நூற்று அறுபத்தாறாவது படி! கிண்ணத்தில் மிச்சமிருந்த மஞ்சளை இழுத்துப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டேன். நல்லவேளை, கற்பூரம் தீர்ந்துபோயிருந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

"சங்குன்னு நெனச்சி... கைப் பழக்கம் பாய்..."

எச்சில் தொட்டுத் துடைத்தேன். முத்திரை இருந்த இடத்தில் கத்தரிப்பூவும் செம்மஞ்சளும் கலந்த ஒரு குழம்புதான் மிஞ்சியது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து பாயுடைய அம்மாவின் குரல்: "எப்ப போட்டானாம் வாத்யாரே?"

பாய் என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

"போன மாசந்தாம்மா" என்றேன்.

அன்று அந்த அம்மா வயிறாரச் சாப்பிட்டார். "அவன் வரலன்னா, நீயே வந்து அம்மாகிட்ட சொல்லு" என்றார் பாய். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதம் நான் அடிவாரத்துப் பக்கமே போகாமல், சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனேன். ரயில் ஊதும்போதெல்லாம், பாடம் நடத்துவதை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போவேன். பையன்கள் எனக்கு ரயில் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் ஷரீப் தலையில் டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தான். கதையைக் கேட்டுவிட்டு உறையைப் பார்த்தான்.

"இதுக்கா பொட்டு வெச்ச? நத்த வாத்யாரே! அந்த ஊர்ல வேவச்சித் துன்னுவாங்க."

கரீம் பாய் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கடிதத்தை எந்த மாதம் போட்டாய் என்று ஷரீப்பைக் கேட்டேன். அவனுக்கே ஞாபகமில்லை.

இப்போது மலைமேல் கார் போகிறது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சொல்யூஷன் வாசனையைக் காணோம். பாயும் இல்லை, அவர் அம்மாவும் இல்லை. ஷரீப் மட்டும் அரக்கோணத்தில் மகன் வீட்டில் இருக்கிறான். பேத்தியின் உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"அதே நத்ததானா பாரு ஷரீப்" என்று நீட்டினேன்.

அவன் உறையைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தான்.

"மொதல்ல கைய கழுவிக்கினு வா."