ஒரே உறையில் இரண்டு கடவுச்சீட்டுகள்

செவ்வாய்க்கிழமை.
காலை 6.35: நைரோபியிலிருந்து அருஷா செல்லும் சிறிய பஸ் புறப்பட்டது. குறித்த நேரம் 6.00.
10.05: நமங்கா. கென்யா–தான்சானியா எல்லை.
10.20: குடிவரவுச் சாளரத்தில் கடவுச்சீட்டுகள் கையளிக்கப்பட்டன. எண்ணிக்கை, இரண்டு.
10.21: சாளரத்தின் முன் நின்ற பயணிகள், ஒருவர்.

என் மனைவி வசந்தி காலமாகி நான்கு மாதங்கள். அவர் காலமான வாரம், பத்திரிகையில் நான் எழுதும் இந்த வாராந்தப் பத்தி வரவில்லை. காரணத்தை மறுவாரம் ஒரே வரியில் எழுதினேன். எழுதினேன்... வாயால் எவரிடமும் சொன்னதில்லை. நாங்கள் வாழ்ந்த சுவிஸ் நகரான ஃப்ரிபூர்க்கில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அருஷாவில் மருத்துவராக இருக்கும் மகளிடம் போகும் இந்தப் பயணத்தை, நாங்கள் இருவருமாகப் பதிவு செய்திருந்தோம்.

"அப்பா, பிளேனில வந்தா ஒரு மணித்தியாலம். ஏன் பஸ்ஸில அலையிறியள்?" என்று மகள் கேட்டாள்.

பஸ் வசந்தியின் தெரிவு. சுவிஸுக்கு அவர் வந்தது லொறியில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து. "உருளைக்கிழங்கோட வந்தனான், இப்ப றோஸ்டி பொரிக்கிறன்" என்று, சுவிஸ்காரரின் உருளைக்கிழங்குப் பொரியலைச் சொல்லிச் சிரிப்பார். "ஒருக்காவெண்டாலும் ஒரு எல்லையைப் பகல் வெளிச்சத்தில, யன்னல் சீற்றில இருந்து பாக்கவேணுமப்பா."

அந்த யன்னல் இருக்கையைக் காலியாக விட்டு, நடைபாதைப் பக்கம் அமர்ந்தேன். காலை நீட்டினேன், மடக்கினேன். மணி பார்த்தேன். வெளியே மட்டும் பார்க்கவில்லை.

அகதியாக வந்தவர்கள் எல்லையில் செய்யும் தவறு ஒன்று உண்டு. கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவோம்! தாள் குறைந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்று யோசித்ததேயில்லை. முதல் அகதி விசாரணை நாளிலிருந்து எங்கள் இருவரின் பத்திரங்களும் ஒரே பிளாஸ்டிக் உறையில்தான். அன்றும் உறையை அப்படியே நீட்டினேன்.

அதிகாரி ஓர் இளம் பெண். இரண்டையும் விரித்தார். "இந்த அம்மா எங்கே? விரலடையாளம் வைக்க வேண்டும்."

"வரவில்லை."

"பஸ்ஸில் இருக்கிறாரா?"

"இல்லை."

"பிறகு எப்படி அவருடைய பாஸ்போர்ட் உங்களிடம்?"

நியாயமான கேள்வி. ஐந்து மொழிகளில் வாசிக்கத் தெரிந்தவன் நான். வெறும் உறைக்குள் இன்னொரு தாளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மேலதிகாரியை நோக்கிக் கையை உயர்த்தினார். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. வாசலில் எங்கள் நடத்துனர் கத்தினார்: "பெரியவரே, அங்கேயே குடியிருக்கப் போகிறீர்களா? பஸ் போகப் போகிறது!"

"அவர் இறந்துவிட்டார்" என்றேன்.

ஆங்கிலத்தில், மூன்றே சொற்கள். நான்கு மாதங்கள் எடுத்தன.

உயர்ந்த கை இறங்கியது. "போலே, ம்ஸே" என்றார் அந்தப் பெண். பெரியவர்களுக்கு ஆறுதல் சொல்லும் ஸ்வாஹிலி அது என்று பிறகு மகள் சொன்னாள். என்னுடையதில் முத்திரை குத்தினார். வசந்தியுடையதை மூடி, இரு கைகளாலும் திருப்பித் தந்தார். "இதைத் தனியாக வையுங்கள், ஐயா."

சட்டைப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் எல்லைக்கு அப்பால் ஏறிய ஒரு பெண், காலி இருக்கையைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். ஆள் இருக்கிறதா என்ற கேள்வி. இல்லை என்று தலையசைத்து, நான் யன்னலுக்கு நகர்ந்தேன். என் இடத்தில் அவர் அமர்ந்தார்.

வெளியே லொறிகளின் நீண்ட வரிசை. வெயில். முத்திரை எதுவுமின்றி எல்லையைக் கடந்துகொண்டிருந்த ஆடுகள்.

அருஷா சேர்ந்தபோது பிற்பகல் 1.40. செய்யாமல் விட்டவை:

வசந்தியின் கடவுச்சீட்டை ஃப்ரிபூர்க் அலுவலகத்தில் ஒப்படைத்தல்.
அவருடைய ரயில் அரைக்கட்டண அட்டையை நிறுத்தல்.
எல்லை எப்படி இருந்தது என்று அவருக்குச் சொல்லுதல்.