வெயிலில் சிவந்த கூரை

அந்த மெர்ச்சண்டைசரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், சாய லேபில் எனக்கு வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் துணித் துண்டின் நிறத்தை அப்படியே எடுத்துக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு கிறுக்கு. மேசைமேல் குட்டிப் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விளையாட்டுக்கான உள்ளங்கை அகல வீடுகளைச் செய்து வண்ணம் தீட்டுவேன்.

வைக்கோல் கூரை என்றதும் எல்லாரும் மஞ்சளை எடுப்பார்கள். இரண்டு மழை பார்த்த கூரையில் மஞ்சள் ஏது? சாம்பல்தான், ஓரத்தில் கொஞ்சம் பாசி. கழிவு நூலைப் பசையில் தோய்த்துச் சீப்பால் வாரி வேய்வேன். கதவுக்கு மெல்லிய பலகையை இரும்பு பிரஷ்ஷால் கீறி, கறுத்த பழுப்பை அடித்து, காய்ந்ததும் வெளிறிய சாம்பலைத் தொட்டும் தொடாமலும் மேலே ஓட்ட வேண்டும். பிரஷ்ஷில் வண்ணம் மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவு துணியில் துடைத்துவிட வேண்டும். அப்போதுதான் மேடு மட்டும் வெளுக்கும், பள்ளம் இருட்டாகவே கிடக்கும்.

அப்படி இரண்டு மாத ஞாயிறுகளைத் தின்ற வீடு ஒன்றை, பையர்களோடு பேசி ஆர்டர் பார்க்கும் எங்கள் மெர்ச்சண்டைசர், "ஊட்டுல காட்டிப்போட்டுத் தர்றேனுங்க" என்று வாங்கிப் போனார். திரும்பி வரவில்லை. ஒருநாள் முதலாளி செல்போனை நீட்டினார். எங்கள் பையர் அனுப்பிய படம். அவர் மேசையில் என் வீடு, சுற்றிலும் அவருடைய குட்டிச் சிப்பாய்கள்.

"நம்ம மெர்ச்சண்டைசரு கைவேலைங்க. என்னமா பண்ணியிருக்காரு பாத்தீங்களா!"

என் கைவேலை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் தலையாட்டினால்தான் நான் எடுக்கும் ஷேடுகள் பையருக்குப் போகும். "நல்லா இருக்குங்க" என்றேன்.

சமயம் தானாக வந்தது. பையருக்கு அதே போல இன்னொரு வீடு வேண்டுமாம். நேரில் வரும்போது ஜோடி பார்க்கப் பழைய வீட்டையும் கொண்டுவருகிறாராம். மெர்ச்சண்டைசர் லேபுக்கு வந்து குழைந்தார். "உங்களைத்தானுங்க நம்பியிருக்கறேன்." தாராளமாகச் செய்து தருகிறேன் என்றேன்.

ஒரே சாம்பலை இரண்டு விதமாகக் கலக்கலாம். டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், வெயிலில் ஒன்று மட்டும் சிவந்து காட்டிக்கொடுக்கும். அதனால்தான் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் நாங்கள் எந்த ஷேடையும் ஓகே சொல்வதில்லை. நாலு நாள் கலந்து கலந்து, வெயிலில் சிவக்கும் சாம்பலைப் பிடித்தேன். நல்ல ஷேடு எடுக்கக்கூட இத்தனை பாடுபட்டதில்லை. முதல் கூரையின் மிச்சத் துண்டையும் புது வீட்டையும் அவருடைய ஏசி அறையில் வைத்தேன். டியூப்லைட்டில் பார்த்துவிட்டு, "அச்சு அசலுங்க" என்றார். வாசல் பத்தடி தூரம். போகவில்லை.

பையர் வந்தார். மேசைமேல் இரண்டு வீடுகளும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் காலமெல்லாம் துணி வாங்கிய மனிதர், பழக்கதோஷத்தில் இரண்டையும் வாசலுக்கு எடுத்துப்போனார். புதுக் கூரை செங்கல் பொடி தூவியது போலச் சிவந்தது.

"ஏனுங்க, இது என்னங்க இப்படி?" என்றார் முதலாளி.

"மொதல் ஊடு நான் பண்ணுனதுங்க. இது லேப்ல குடுத்துப் பண்ணுனதுங்க." வேடிக்கை பார்க்க ஓரமாக நின்ற என்னைக் கூசாமல் கைகாட்டினார் மெர்ச்சண்டைசர்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நிறம் பார்க்கிறவனுக்கே நிறம் தெரியாது என்றாகிவிட்டது. லேபுக்கு ஓடி வண்ணக் குப்பிகளையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மொதல் வீடு பண்ணின கைதானே சார், இதையும் நீங்களே திருத்திருங்க."

எல்லாரும் பார்க்கிறார்கள், மறுக்க முடியவில்லை. பிரஷ்ஷைக் குப்பிக்குள் முழுக்க முக்கி, துடைக்காமல் அப்படியே கூரையில் வைத்தார். சாம்பல் வழிந்து கதவுவரை இறங்கியது. தன் சிப்பாய்களுக்குத் தானே வண்ணம் தீட்டுகிற பையர், அவர் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் வெயில்ல பிடிங்க சார்" என்று வீட்டை மெர்ச்சண்டைசரிடம் கொடுத்தேன். சித்திரை மாதம், உச்சி நேரம். முதலாளியும் பையரும் பார்க்க, வேர்த்து ஒழுக, இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். நான் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். ஐந்து நிமிட வேலைதான். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.