ரோல்ஸ் பெட்டிக்கு நான் அடிச்ச லேபிள்

எங்கட வீட்டில ஆர் எதை பிரிண்ட் எடுக்கிறதெண்டாலும் இண்டைக்கும் எனக்குத்தான் ஃபோன் வரும். நான் யூனியில லெக்சர் நடுவில இருப்பன், அப்பா பிரிண்டரைப் படம் எடுத்து அனுப்பி, ஒரேஞ் லைட் மின்னுது, என்ன செய்ய எண்டு கேப்பார். நான் பெரிய எக்ஸ்பேர்ட் எண்டு வீட்டில எல்லாரும் நம்புகினம். அந்தப் பட்டம் எனக்குப் பத்து வயசில கிடைச்சது.

அப்ப நாங்கள் லண்டனில தோர்ண்டன் ஹீத்தில இருந்தம். அம்மா வீட்டில மட்டன் ரோல்ஸ் செய்து, ஆறு ஆறாப் பெட்டியில அடைச்சு, டூட்டிங்கில ஒரு தமிழ்க் கடைக்குக் குடுக்கிறவ. அந்த ரோல்ஸுக்கு ஒரு பேர் இருந்தது. காரணம் அதில போடுற கறித்தூள். கடையில வாங்கின தூள் இல்லை, யாழ்ப்பாணத்தில பருத்தித்துறையில இருந்து வாற ஊர்த்தூள் எண்டு அம்மா எல்லாருக்கும் சொல்லுவா. ஒரு பழைய பால்மா டின்னுக்குள்ள போட்டு, மூடியை இறுக்கி வச்சிருப்பா. அடுத்த றோட்டில அப்பான்ர அக்கா, எங்கட மாமி. அவவுக்குத் தூள் சாவகச்சேரியில இருந்து வாறதாம். பருத்தித்துறைத் தூள் அதுக்குக் கிட்டவும் வராதாம். ரெண்டு பேரும் சந்திச்சால் போதும், தூள் சண்டை தொடங்கும். அதுவும் சிரிச்சுச் சிரிச்சுப் பிடிக்கிற சண்டை. பாத்துக்கொண்டிருக்கிற எனக்கு விசர் வரும்.

ஒருநாள் கடைக்கார அண்ணை அம்மாவுக்கு ஃபோன் எடுத்து, கவுன்சில்காரர் வந்து பாத்திட்டுப் போட்டினம், இனி பெட்டியில லேபிள் இல்லாட்டி ஒண்டும் எடுக்க ஏலாது அக்கா எண்டிட்டார். என்ன என்ன போட்டிருக்கெண்டு எல்லாம் வேணுமாம். அலர்ஜி வாற சாமான் தடிச்ச எழுத்தில வேணுமாம். வெள்ளிக்கிழமைக்கிடையில வேணுமாம்.

இது சின்ன விசயம் இல்லை. ரோல்ஸ் ஓடத் தொடங்கினாப் பிறகுதான் அம்மா விடியக்காலமை ஒபிஸ் கிளீனிங் வேலையை விட்டவ. கடை நிண்டால் திரும்ப நாலு மணி பஸ். அது எனக்கே விளங்கினது, ஏனெண்டால் அம்மா அந்த பஸ்ஸில போன காலத்தில எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது அப்பா. அந்த வருசத்துப் பள்ளிக்கூடப் படத்தை இண்டைக்கும் நான் ஆருக்கும் காட்டுறதில்லை.

வியாழக்கிழமை அப்பா ஒரு பிரிண்டரோட வந்தார். எனக்கு ஹாஃப் டேர்ம் லீவு. பெட்டியைக் கண்டவுடன நான் துள்ளத் தொடங்கிட்டன். மனுவலைத் துறந்தால் பதினெட்டுப் பாசை, தமிழ் இல்லை. அப்பா அதைச் சுருட்டி ஜன்னலில இருந்த ஈயை அடிச்சார். நான் ஒரேஞ் டேப் எல்லாத்தையும் பர் பர் எண்டு இழுத்தன், அப்பா இங்க்கைப் போட்டார், பட்டனை அமத்தினம். உள்ள ஆரோ சாமான் தூக்கி எறியிற மாதிரிச் சத்தம். பிறகு ஒரு பேப்பர் மெதுவா வெளிய வந்தது.

வெள்ளைப் பேப்பர்.

இன்னொண்டு. அதுவும் வெள்ளை. அப்பா பேப்பரை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு, வெள்ளை இங்க்கைத் தந்திட்டாங்கள் போல எண்டார். பகிடியா, உண்மையாச் சொன்னாரா, இண்டைக்கும் தெரியாது. நான் இங்க் டப்பாவைக் கழட்டிப் பாத்தால், இங்க் வாற ஓட்டைக்கு மேல ஒரு சின்ன டேப், கண்ணுக்கே தெரியாத மாதிரி. இழுத்தன். அடுத்த பேப்பரில கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் கோடு கோடா வந்தது. அப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்காகவே நான் இன்னும் பத்துப் பிரிண்டர் கழட்டுவன்.

லேபிளை நான்தான் லாப்டொப்பில அடிச்சன். அம்மா அடுப்படியில பொரிச்சுக்கொண்டு நிண்டு ஒவ்வொண்டாச் சொன்னா. கோதுமை மா, முட்டை, மட்டன், உருளைக்கிழங்கு, வெங்காயம், தூள். தூளுக்குள்ள என்ன இருக்கு எண்டு கேட்டன், கடைக்கார அண்ணை எல்லாம் வேணுமெண்டவர் எல்லோ. எண்ணெய் கொதிக்குது, நீயே பாத்து எழுது பிள்ளை எண்டா. நான் கெட்டிக்காரி. ரீசைக்கிளிங் பெட்டிக்குள்ள கையை விட்டன். அம்மா டின்னுக்குள்ள கொட்டிப்போட்டு எறிஞ்ச சிவப்புப் பக்கற் கிடந்தது. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வடிவா எழுதியிருந்தது. ஒரு சொல் விடாமல் அடிச்சன். ஜஃப்னா ஸ்டைல் ரோஸ்டட் கறி பவுடர், பக்ட் இன் யூகே, எண்டால் இங்கையே அடைச்சதாம். கடுகு தூசி இருக்கலாமாம், அதையும் தடிப்பாக்கினன். எவ்வளவு பொறுப்பான பிள்ளை பாருங்கோ.

பிரிண்ட் எண்டு அமத்தினன். ஒண்டும் வரேல்லை. திரும்ப அமத்தினன். ஓஃப்லைன் எண்டது. அப்பா வந்து அமத்தினார். பிளக்கைக் கழட்டிப் பூட்டினார். வைஃபை பெட்டியை ஒருக்காத் தட்டினார். பிறகு சாமிப் படத்துக்கு முன்னால போய் ஒருக்கா நிண்டிட்டு வந்து அமத்தினார். கடைசியில நான் லிஸ்டைத் துறந்து பாத்தால், லாப்டொப் அவ்வளவு நேரமும் ஏதோ ஃபக்ஸுக்கு அனுப்பிக்கொண்டு இருந்திருக்கு. எங்கட வீட்டில ஃபக்ஸ் மெஷினே இல்லை. எங்கட பிரிண்டரைத் தெரிவு செய்து, காத்திருந்த லேபிள் எல்லாத்தையும் அதுக்கு மாத்திவிட்டன்.

நாங்கள் அமத்தினது எத்தினை தரம் எண்டு அப்பதான் தெரிஞ்சது. வந்துகொண்டே இருந்தது. அப்பா பேப்பரைப் பிடிக்கிறார், நான் நிப்பாட்டுற பட்டனைத் தேடுறன், அம்மா எண்ணெய்க் கரண்டியோட ஓடி வாறா.

நல்லகாலம், அதெல்லாம் சும்மா பேப்பர். ஒட்டுற லேபிள் தாள் கொஞ்சம்தான் இருந்தது. முதல் தாளில பாதி கோணலாப் போச்சுது. மிச்சப் பாதி வீணாப்போகுமெண்டு அம்மா அதைத் திருப்பி உள்ள விட்டா. உள்ளுக்கை ஒரு லேபிள் கழண்டு உருளையில ஒட்டி, பிரிண்டர் மாடு கத்துற மாதிரிக் கத்தி நிண்டது. பத்துப் பெட்டி ரோல்ஸ் மேசையில ஆறிக்கொண்டு கிடக்கு. அப்பா முன்பக்கமா இழுக்கப் போனார், நான் கையைத் தட்டிவிட்டன். பிளக்கைக் கழட்டி, பின் மூடியைத் துறந்து, உருளையைச் சுத்திச் சுத்தி, அம்மான்ர புருவம் பிடுங்கிற சாமானால மெல்ல உரிச்சு எடுத்தன். முழுசா வந்தது. பிறகு புதுத் தாளை விட்டால், எல்லா லேபிளும் அந்தந்தக் கட்டத்துக்குள்ள நேரா வந்து இருந்தது. வீட்டுக்குள்ள கோல் அடிச்ச மாதிரி நாங்கள் மூண்டு பேரும் குதிச்சம். எண்ணெய் பட்டால் அழியுமெண்டு மேல செலோடேப் ஒட்டினதும் நான்தான்.

வெள்ளி பின்னேரம் மாமி காரோட வந்தா, பெட்டியளைக் கடைக்குக் கொண்டுபோக. அம்மா பெருமையா ஒரு பெட்டியை நீட்டினா. மாமி கண்ணாடியைப் போட்டு, தூரத்தில பிடிச்சு, வாயசைச்சு வாசிச்சா. தூள் எழுதின இடத்தில நிண்டிட்டா. பிறகு திரும்ப அதே இடத்தை வாசிச்சா. அம்மா எட்டிப் பாத்தா. எழுத்துச் சின்னனெண்டு அவ அதுவரைக்கும் முழுக்க வாசிக்கேல்லை. வாசிச்சு முடிய, கதிரையின்ர முதுகைப் பிடிச்சுக்கொண்டா.

மாமி கண்ணாடியைக் கழட்டினா. "பிள்ளை வடிவா அடிச்சிருக்கிறாள்," எண்டா. அவ்வளவுதான். பெட்டியளைத் தூக்கிக்கொண்டு நடந்தா. நானும் காரில ஏறினன், என்ர லேபிளைக் கடையில பாக்கவேணும் எல்லோ.

கடைக்கார அண்ணை ஒண்டொண்டாத் தடவிப் பாத்திட்டு, இது காணும், இனிப் பிரச்சினை இல்லை எண்டார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுது. உடன மாமி அவரிட்ட ஒரு பெட்டியைத் தள்ளினா. "பருத்தித்துறைத் தூள் தம்பி. மணந்து பாரும், தெரியும்."

மாமியின்ர வாயில பருத்தித்துறை. நான் திகைச்சுப்போனன். அதோட அது பிழையும் எல்லோ. இல்லை மாமி, லேபிளில யூகே எண்டெல்லோ இருக்கு எண்டு தொடங்கினன். கவுண்டருக்குக் கீழால மாமி தொடையில ஒரு நுள்ளு நுள்ளினா, ரெண்டு நாளைக்குக் கண்டிப்போய்க் கிடந்தது. அண்ணை மணந்து பாத்து, ஓம், ஊர் வாசம் தனி எண்டார். அவருக்குப் பின்னால தட்டு முழுக்க அதே சிவப்புப் பக்கற் அடுக்கியிருந்தது.

திரும்பி வரேக்கை மாமி வீட்டில தேத்தண்ணி. சீனி எடுத்து வா எண்டு விட்டா. அலமாரியைத் துறந்தன். சாவகச்சேரித் தூள் டின்னுக்குப் பின்னால மூண்டு சிவப்புப் பக்கற், ஒண்டு பாதி வெட்டினது. நான் சீனியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தன். தொடையில இன்னும் நோ இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா ரோல்ஸ் பொரிச்ச தாச்சியைக் கழுவாமல் மேசையில இருக்கிறா. மாமி கடையில என்ன சொன்னவ எண்டு ரகசியமாக் கேட்டா. பருத்தித்துறைத் தூள் எண்டு சொன்னவ எண்டன். அம்மா நம்பேல்லை. பிறகு நான் நல்ல செய்தியையும் சொன்னன்: "பாவம் அம்மா, மாமி உங்களுக்குக் குடுக்கவெண்டு அதே தூளில மூண்டு பக்கற் வாங்கி அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கிறா. ஒண்டு கிழிஞ்சும் போச்சு."

அம்மா என்னைப் பாத்தா. பிறகு ஒரு சிரிப்புத் தொடங்கிச்சு. கதிரையில இருக்க ஏலாமல் நிலத்தில இருந்து, கண்ணீர் வரச் சிரிச்சா. அப்பா மேல இருந்து ஓடி வந்து, என்ன என்ன எண்டு கேக்கிறார், அவவால சொல்ல ஏலேல்லை, கையை மட்டும் ஆட்டுறா.

லேபிள் நேரா வந்த சந்தோசம் அம்மாவுக்கு இப்பதான் ஏறுது எண்டு நான் நினைச்சன். போய் பிரிண்டரை ஒருக்காத் தடவிக் குடுத்திட்டு வந்தன்.