பெட்டியில் போட்டிருந்த உயரம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சிநேகிதன் என்று சொல்ல மனைவியின் தம்பி ஒருவன்தான். லாரிகளை எடை போடும் எடைமேடையில் அவனுக்கு வேலை. யார் சொல்லும் எண்ணையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டான். ஒருமுறை மெக்கானிக்கையே மேடையில் ஏற்றிவிட்டு, "மாமா, மெஷின் உங்களைக் கண்டுக்கவே இல்ல. அடுத்த தடவை லாரியோட வாங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்துக்கு அட்டை ராக்கெட்டுகளை எடுத்துப் போவார்கள். மெக்கானிக் பற்றவைப்பார். மைத்துனன் நூறு மீட்டர் தள்ளி நின்று அளப்பான். ஒரு பாகைமானியில் குழாயைக் கட்டி, நூலில் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். குழாய் வழியாக ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது உச்சியைத் தொடும்போது நூலைக் கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். நூல் காட்டும் கோணத்திலிருந்து உயரம் கணக்கில் வந்துவிடும்.

"ஏழு கழுதை வயசாச்சு, ரெண்டும் அண்ணாந்து பாத்துட்டு நிக்குதுங்க," என்பாள் மெக்கானிக்கின் மனைவி. பாராசூட்டுக்கு நூல் முடிந்து தருவதும் அவள்தான்.

பழைய சாமான் கடையில் மைத்துனனுக்கு ஒரு பெட்டி கிடைத்தது. அவன் பிறப்பதற்கு முன்பே விற்பனைக்கு வந்த ராக்கெட். யாரும் பிரிக்காமல் கிடந்திருந்தது. முந்நூறு மீட்டர் போகும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள்.

"புளுகு மாமா. லாரிக்காரன் சொல்ற எடையும் இதுவும் ஒண்ணு. விட்டு அளந்துடுவோம்."

பழுப்பேறிய குழலில் இறகுகளை ஒட்டி முடித்த வாரம் அவன் படுத்துவிட்டான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. அக்கா தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றாள். பொருந்தவில்லை.

"எவ்வளவு போகும்னு நினைக்கிறீங்க, மாமா?" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் கேட்பான்.

"நீயே எழுந்து வந்து அளடா," என்பார் மெக்கானிக்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான்.

ராக்கெட் அலமாரியின் மேல் கிடந்தது. மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். ஒரு காலையில் மனைவி அதை எடுத்துத் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதை விட்டுடலாங்க."

"யாரு அளக்கிறது?"

"எனக்குக் கை இல்லையா?"

மொட்டைமாடியில் நின்று தெருவிளக்கு, தண்ணீர்த்தொட்டி, எதிர்வீட்டு ஆன்டெனா என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பழகினாள்.

அன்று மைதானத்தில் காற்று அடங்கியிருந்தது. தம்பி நிற்கும் இடத்தில் அவள் போய் நின்றாள். மெக்கானிக் புது இன்ஜினைச் செருகி, ஒயரை மாட்டி, பொத்தானை அழுத்தினார். ராக்கெட் சீறிக்கொண்டு, சற்றே சாய்ந்து ஏறியது. உச்சியில் மூக்கு கழன்று பாராசூட் வெளியே வந்தது. மடிப்போடு ஒட்டிப்போயிருந்த பழைய பிளாஸ்டிக் விரியவில்லை. ராக்கெட் இறுகிய தரையில் வந்து மோதியது.

மெக்கானிக் அதை எடுக்கப் போகவில்லை. மனைவி மைதானத்தின் குறுக்கே நடந்து வந்துகொண்டிருந்தாள். நகம் வெளுக்க நூலை அழுத்தியிருந்தாள். கண்ணீர் முகவாய்வரை வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"விட்டுடும்மா, பாத்துட்டேன்."

"இன்னொரு தடவை சரியாப் பாருங்க."

பார்த்தார். "ஐம்பது டிகிரி. நூத்தி இருபது மீட்டர்தான் வருது."

"முந்நூறு இல்லையா?"

"பாதிகூட இல்ல."

"அப்ப அவன் சொன்னது சரி."

அதன் பிறகுதான் விரலை எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் அழாததையெல்லாம் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ராக்கெட்டின் குழல் நசுங்கி, ஒரு இறகு பிய்ந்திருந்தது. ஒட்டிவிடலாம் என்றார்.

"வேண்டாங்க. ஒரு தடவை அளக்கணும்னுதான் அவன் ஆசைப்பட்டான்."

வீட்டுக்கு வந்து, பெட்டியில் அச்சிட்ட எண்ணின் கீழே புது உயரத்தை எழுதினார். அளந்தவர் பெயரையும் போடுவது அவர்கள் வழக்கம். பேனா அங்கே நின்றுவிட்டது.

"யாரு அளந்ததுன்னு போட?"

"அக்கான்னு போடுங்க."

போட்டார்.

மெக்கானிக் இப்போதும் சில ஞாயிறுகளில் தனியாகப் போய் வேறு ராக்கெட் விடுகிறார். அவள் வருவதில்லை. திரும்பி வந்ததும், "எவ்வளவு போச்சு?" என்று மட்டும் கேட்பாள்.

"தெரியல. நல்லாத்தான் போச்சு."

"சரி, கையைக் கழுவிட்டு வாங்க," என்று தட்டு எடுக்கப் போவாள்.