கூப்பிடு தூரம்

முள்ளுக்குறிச்சி மிளகு வியாபாரி அப்துல் சுக்கூருக்குப் பிழைப்பெல்லாம் கொல்லிமலையில். கொண்டை ஊசி வளைவுதான் ஆகாது. பஸ் மூன்றாவது வளைவில் திரும்பும்போது ஜன்னலோர இடம் கேட்பார். ஐந்தாவதில் ஏன் கேட்டார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிடும். ஆகவே மலைக்கு நடந்தே போவார். கடையில் ஒரு படி மிளகை அளக்க அரைப்பொழுது எடுத்துக்கொள்ளும் மனிதர், பாதையில் கால் வைத்தால் பின்னால் போலீஸ் வருகிற மாதிரி போவார். மலையில் அவருக்கு ‘மொளகு பாய்’ என்று பெயர். இன்னொரு பெயர் இருக்கக்கூடும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த இன்னொரு பெயரை வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. மனைவி நஜிமாவுக்கு அவர் ‘ஏனுங்க’. அவருக்கு நஜிமா ‘இந்தா’. மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது தகப்பனார் பெயரைக் கேட்டதற்கு, “நௌஷீன், நீ சொல்லு கண்ணு” என்று குழந்தையிடம் தள்ளிவிட்டார் நஜிமா. பெயரைச் சொன்னால் புருஷனின் ஆயுசு குறையுமாம். நஜிமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லைதான். ஆனால் சோதித்துப் பார்க்கிற விஷயமா அது?

1997 டிசம்பர். நோன்பு பிறக்கச் சில நாள் இருந்தது. நௌஷீனுக்கு அரையாண்டு லீவு. மலைமேல் ஆலத்தூர் நாட்டு விவசாயி அர்த்தனாரியின் தோட்டத்தில் மிளகுக்கொடி எப்படிக் காய்த்திருக்கிறது என்று பார்த்துவர அப்துல் சுக்கூர் கிளம்பினார்.

“நாங்களும் வாரோம்” என்றார் நஜிமா.

“நடக்கோணுமே.”

“நடக்கத்தான் வாரேன். கலியாணமாகி இத்தன வருசத்துல ஒருக்காவது உங்க கூட நடக்கோணும்.”

“எப்பவும் கூடத்தானே வாரே?”

“பின்னாடி வாரதெல்லாம் கூட வாரதா? சந்தைக்குப் போனாலும் தர்காவுல கந்தூரிக்குப் போனாலும் உங்க முதுகத்தான் பாத்துட்டு வாரேன். முதுகு நல்லாத்தான் இருக்குது, இல்லேங்கல.”

சேர்ந்தே நடப்பதாக அப்துல் சுக்கூர் வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறாத வியாபாரி என்று பெயரெடுத்தவர். அடிவாரத்துப் புளியமரம் வரை அதைக் காப்பாற்றவும் செய்தார். பிறகு கால் தன் வழக்கத்துக்குப் போய்விட்டது. இருவருக்கும் நடுவே நௌஷீன் தூது ஓடினாள்.

“அத்தா, அம்மா பாறையில உக்காந்துட்டாங்க.”

“எதுக்கு?”

“உங்களத் திட்டறதுக்கு. நடந்துட்டே திட்டுனா மூச்சு வாங்குதாம்.”

அன்று மலையை இரண்டு தடவை ஏறியவள் நௌஷீன்தான்.

உச்சிக்கு வந்ததும் எதிர்ச்சரிவிலிருந்து அர்த்தனாரியின் குரல் கேட்டது. “வாங்க பாய்! வந்துட்டீங்க, இனிக் கூப்புடு தூரந்தானுங்க!”

கீழ்நாட்டில் கூப்பிடு தூரம் என்றால் நாலு வீடு தள்ளி. மலையிலோ நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கலாம். குரல் நேரே போய்விடும். கால்தான் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். இது தெரியாத நஜிமா, வீடு வந்துவிட்டது என்ற நிம்மதியில் உட்கார்ந்து செருப்பிலிருந்த முள்ளைப் பிடுங்கினார். இது தெரிந்த அப்துல் சுக்கூர், இருட்டுமுன் சேர வேண்டுமே என்று இறங்கத் தொடங்கினார். தூது ஓடி அலுத்த நௌஷீனும் அத்தாவோடு போய்விட்டாள்.

நஜிமா நிமிர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது. முதுகைக் காணோம்.

“ஏனுங்க!”

“ஏனுங்கோ!” என்றது ஒரு சரிவு. “யாருங்க?” என்றது இன்னொன்று. “எங்கூட்டுக்காரரு சோளக்காடு போயிட்டாருங்க!” என்று எங்கிருந்தோ ஒரு பெண்குரல்.

அப்துல் சுக்கூருக்கும் கேட்டது.

“அத்தா, அது அம்மா.”

“மலையில அம்புட்டுப் பேரும் ஏனுங்கதான் கண்ணு. அம்மா பின்னாடியேதான் வாரா.”

மறுபடியும் ‘ஏனுங்க’. இந்தத் தடவை அதில் திட்டு இல்லை, நடுக்கம் இருந்தது. அதன் பிறகு, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி:

“அப்துல் சுக்கூர்!”

கோர்ட்டில் கூப்பிட்டதுபோல நின்றுவிட்டார்.

“நஜிமா!” என்று கத்தினார். அவர் வாய்க்கும் அது புதுச் சொல்தான். “அங்கயே நில்லு, வாரேன்!”

நௌஷீனையும் இழுத்துக்கொண்டு ஏறி வந்த வேகத்தில் அவருக்கு மூச்சிரைத்தது. நஜிமாவின் கை ஜில்லிட்டிருந்தது. அதைப் பிடித்தவர் விடவில்லை.

“பேரச் சொல்லிப்போட்டேனுங்களே. ஆயுசு...”

“நீ கூப்புட்டதுல கொஞ்சம் கூடியிருந்தாலும் இருக்கும்.”

இனிச் சேர்ந்து நடக்கலாம் என்றால், பாதை ஒற்றையடி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போக வழியில்லை. “நீ முன்னாடி போ” என்றார் அப்துல் சுக்கூர். நஜிமா நின்றால் நின்றார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். பின்னாளில் இரண்டு லாரி போகிற முள்ளுக்குறிச்சித் தார் ரோட்டில்கூட அவர் அப்படியே பின்னால் வருவதைக் கடைவீதி பார்த்தது. “முதுகு எப்படீங்க?” என்று நஜிமா திரும்பாமலே கேட்பதும் உண்டு.

அன்று அர்த்தனாரியின் வீட்டை அடைவதற்குள், “கூப்புடு தூரந்தானுங்க!” இன்னும் பல தடவை காதில் விழுந்தது. அர்த்தனாரியின் மனைவி அத்தாயி சுடச்சுடச் சாமைச் சோறு போட்டார்.

“பாவமுங்க, யாரோ அப்துல் சுக்கூருன்னு ஒரு பையனத் தொலச்சுப்போட்டுத் தொண்ட கிழியக் கூப்புட்டாங்க. ஏனுங்க பாய், வழியில பாத்தீங்களா? கெடச்சானோ என்னமோ.”

மொளகு பாய் சோற்றிலேயே கவனமாக இருந்தார்.

“கெடச்சுட்டாருங்க” என்றார் நஜிமா.