பாதுகாவலர் எண் கட்டாயம்

ஷகீலா எங்கள் அலுவலகத்துக்கு முதல் தடவை வந்தபோது, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

"இங்க எத்தன பேரு இருக்கீங்க?"

"நான் மட்டும்தான் அக்கா. கோகுலராஜ். ஃபோன்ல பேசினேன்ல."

"இன்னொருத்தரு மூச்சு விடுறாரே. அவரு யாரு?"

மூலை மேசையில் இருந்த நான்தான் அது. கோகுல் பல நேரம் என்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் அவ்வளவாகப் பேச வராத ஆள் என்று அவன் சமாளித்தான்.

"பேச வராதவங்கதான் நல்லா பாப்பாங்க. பாக்குறத பக்கத்துல உக்காந்தே பாக்கச் சொல்லுங்க," என்றார் ஷகீலா. நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆயர் குரோவில் ஒரு கண் மருத்துவமனைக்கு நாங்கள் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். கண் மருத்துவமனையின் பழைய இணையப் பக்கத்தில் கண் தெரியாதவர்களால் டாக்டரைப் பார்க்க நாள் குறிக்க முடியவில்லை என்று புகார் போயிருந்தது. கூட இருந்து சோதித்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று பார்வையற்றோர் சங்கத்தில் கேட்டோம். அவர்கள் அனுப்பியது ஷகீலாவை.

அவர் தெங்கேராவில் தன் தம்பி அஸ்லாமின் வீட்டில் இருந்தார். முன்பு புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்க்கும் வேலை. பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கியது. நல்ல பலகைகளையே தூக்கி ஒதுக்குகிறார் என்று மேலாளர் சந்தேகப்பட்ட பிறகுதான் டாக்டரிடம் போனார். வேலை போனது. அந்த வேலையின் குணம் போகவில்லை.

இந்தச் சோதனைக்கு அவர் ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் இருந்தது. வெகு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார். சங்கத்தில் பழக்கமான ஸுஹைர் அவரைக் கல்யாணம் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். தன் கண் நோய் பிள்ளைக்கும் வருமா என்று டாக்டரிடம் தெரிந்துகொள்ளாமல் ஷகீலா பதில் சொல்வதாக இல்லை. தெரிந்துகொள்ளும்வரை அஸ்லாமுக்கு விஷயம் போகவும் கூடாது. ஆனால் மருத்துவமனையில் அவருக்கு நாள் குறிப்பது எப்போதும் அஸ்லாம். எந்த டாக்டர், எதற்கு, எல்லாம் அவன் விரல் வழியாகத்தான் போக வேண்டும்.

வேலை முறையை ஷகீலாவே வகுத்தார். அவருடைய மடிக்கணினி, திரை அணைத்தபடி. இணையப் பக்கத்தில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் மட்டும் ஓடும். நாங்கள் வாய் திறக்கக் கூடாது.

கோகுலால் முடியவில்லை. "அந்த பட்டன் கீழ இருக்குக்கா."

ஷகீலா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "கீழ இருக்குன்னு சொல்ல எங்க வீட்டுக்கும் வருவீங்களா?"

நாள்காட்டிப் பக்கத்தில் அந்தக் குரல் தேதியைச் சொல்லாமல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று அடுக்கிக்கொண்டே போனது. கோகுல் இரண்டு நாளில் சரிசெய்து, "ஓகேக்கா" என்றான்.

"ஃபேக்டரில ஓகேன்னு வர்ற சாமானத்ததான் நாங்க முதல்ல திருப்பிப் பாப்போம்," என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். தேதி வந்தது, நேரம் வரவில்லை. கோகுல் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

தேநீர் வாங்க இறங்கியபோது, "வேணும்னே இழுக்கிறாங்க மச்சான். இவங்களுக்குக் கொஞ்சம் தெரியுதுன்னு நெனைக்கிறேன்," என்றான். திரும்பி வந்ததும் அவர் முகத்துக்கு நேரே சத்தமில்லாமல் கையை ஆட்டிப் பார்த்தான்.

"நடுவுல ஒரு ஸ்ட்ரா ஓட்டை அளவுக்கு வெளிச்சம் தெரியும் கோகுல். நிழல் ஆடுனாலும் தெரியும். கேட்டா சொல்லியிருப்பேன்லா."

கோகுல் தேநீரை அவர் கைக்கு எட்டுமாறு வைத்துவிட்டு, வைத்த இடத்தைச் சொன்னான். 

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அரசாங்கத்தின் ஓ.கே.யூ. அட்டை வைத்திருக்கும் மாற்றுத்திறனாளியா என்று ஒரு கட்டம். அதில் குறியிட்டால் மருத்துவமனை மின்தூக்கிக்குப் பக்கத்தில் தாதி ஒருவர் வந்து காத்திருப்பார். ஷகீலா குறியிட்டார். குரல் உடனே மலாயில் சொன்னது: "நொம்போர் பென்ஜாகா, வாஜிப்." பாதுகாவலர் எண், கட்டாயம்.

அவர் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார்.

"இத யாரு போட்டா?"

"நான்தான்கா," என்றான் கோகுல், கொஞ்சம் பெருமையோடு. "கண்ணு தெரியாதவங்கள யாராச்சும் கூட்டிட்டுத்தானே வருவாங்க. அவங்களுக்கும் ஒரு மெசேஜ் போயிட்டா நல்லதுன்னு."

"என்ன டாக்டர்னு அதுல இருக்குமா?"

"எல்லாம் இருக்கும்."

ஷகீலாவின் விரல் விசைமேல் அப்படியே நின்றது. 

"சும்மா டெஸ்ட்தானே அக்கா, ஏதாச்சும் ஒரு நம்பர் போடுங்க."

"எனக்கு இது டெஸ்ட் இல்ல. கட்டத்துல டிக் போடாம விட்டா கேக்காதுல்ல? அப்ப, கண்ணு நல்லா தெரியும்னு பொய் சொன்னாத்தான் என் சங்கதி என்கிட்ட நிக்கும். அதானே?"

கோகுல் தன் கணினிக்குத் திரும்பினான். பிறகு விசைகளின் சத்தம் கேட்டது. கட்டாயம் என்ற வார்த்தையை எடுத்தான். விரும்பினால் எண் தரலாம் என்று மாற்றினான். ஷகீலா மறுபடி முதலிலிருந்து வந்தார். இந்த முறை குரல் எண்ணைக் கேட்கவில்லை.

"பழைய பதிவுல தம்பி நம்பர் இருக்கு. அதுக்கு மெசேஜ் போவுமா?"

"போகாதுக்கா," என்றான் கோகுல், கேள்வி முடிவதற்குள்.

ஷகீலா என் பக்கம் திரும்பினார். "பேசாதவரே, போவாதா?"

"நாங்க செஞ்சதுலேருந்து போகாது. அவங்க கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது."

கோகுல் மருத்துவமனைக்குப் போன் செய்தான். பழைய எண்களை எடுத்துவிட்டோம், எல்லாம் ஓகே என்றார்களாம்.

"ஓகேன்னே சொன்னாங்களா?" என்று கேட்டு ஷகீலா சிரித்தார்.

தளம் வெளிவந்த வாரம், சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். அஸ்லாம் மேசையில் இருப்பான், அவன் கைப்பேசி தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். எதிரில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் ஒலிக்கருவி மாட்டி, கைப்பேசியை மடியில் வைத்தே அந்த இணையப் பக்கத்தைத் திறந்தார். டாக்டர். தேதி. நேரம். மாற்றுத்திறனாளிக் கட்டத்தில் குறி. பாதுகாவலர் இடம் காலி. அழுத்தினார்.

மடியில் கைப்பேசி அதிர்ந்தது. அடுத்த மூச்சில் மேசையில் அஸ்லாமின் கைப்பேசி மணியடித்தது.

"யாரு தம்பி?"

"கடை குரூப்பு லாத்தா. லாரி லேட்டாம்," என்றான் அஸ்லாம் அக்காவிடம்.

அவன் சோற்றைப் பிசையும் சத்தம் மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாறியது போலவும் இருந்தது.

"மீன் இன்னொரு துண்டு வைக்கவா?"

"வேணாம் லாத்தா."

திங்கட்கிழமை போனில் இதையெல்லாம் சொன்னார். கோகுல் எங்கள் கணினிப் பதிவுகளில் தேடிப்பார்த்தான். ஒரே ஒரு செய்திதான் போயிருந்தது, ஷகீலாவின் எண்ணுக்கு மட்டும்.

"அது உங்க பக்கம். ஆஸ்பத்திரி பக்கம்?" என்றார் ஷகீலா. ஆனால் குறித்த நாளை ரத்து செய்யவில்லை.

அந்த நாளில் ஆயர் குரோவில் வேலை என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு கிராப் வாடகை வண்டி பிடித்தார். மின்தூக்கிப் பக்கத்தில் தாதி காத்திருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டர் அறைக் கதவு சாத்தப்பட்டதும், கேட்க வேண்டியதை ஷகீலா தானே கேட்டார். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் தம்பி இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டர் சொன்ன பதிலை எங்களிடம் சொல்லவில்லை. ஸுஹைருக்குச் சொல்லிவிட்டாராம்.

"அது சரி," என்றார் எங்களிடம். "வீட்டுக்கு வந்தா சாப்டியான்னு மட்டும்தான் தம்பி கேட்டான். எங்க போனே, யாரப் பாத்தேன்னு ஒரு வார்த்த இல்ல. எப்பவும் தொணதொணன்னு கேக்குறவன்."

"தெரியாததுனாலதான்கா கேக்கல."

"தெரிஞ்சவனும் கேக்கமாட்டான் கோகுல்."

 கோகுல் மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினான்: பழைய எண்களுக்கு என்னென்ன செய்திகள் போகின்றன, எங்களுக்குக் காட்டுங்கள், சொன்னால் போதாது. எழுதியதை ஷகீலாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். "சொன்னால் போதாது" என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

பதில் இன்னும் வரவில்லை.